பொய்க் கிணறு

ஜூன் 3, செவ்வாய்

இதை எழுதுவது நான் இல்லை, போன். என் பெயர் அர்த்தநாரி, ஊர் திருச்செங்கோடு, பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஈரோட்டு ஆஸ்பத்திரியில் பெனிட்டா என்றொரு பெண் இருக்கிறாள், நாகர்கோவில் பக்கம். நான் பேசினால் போன் எழுதிக்கொள்ளும், தினமும் வலி எப்படி இருந்தது, என்ன தின்றேன், தூங்கினேனா என்று சொன்னால் போதும் என்றாள். ஆராய்ச்சி முடிகிறவரை யாரும் படிக்க மாட்டார்களாம். முடிந்த பிறகு படித்து என்ன கிழிக்கப் போகிறார்களோ.

முதலில் கொஞ்சம் பேசிவிட்டு என் மருமகள் மேனகாவைப் படிக்கச் சொன்னேன். நான் பேசியது ஒன்று, அதில் இருப்பது ஒன்று. என் பேச்சுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரி, சட்டைக்குப் பொத்தான் போட்டு அனுப்பியிருக்கிறது. என் பேச்சு போனுக்கே கேவலமாகப் பட்டிருக்கிறது போல. தொலையட்டும்.

விஷயம் இதுதான். எனக்கு வலது கை முழங்கைக்குக் கீழே கிடையாது. போர்க் கிணறு போடுகிற வண்டியில் வேலை செய்யும்போது போனது. கை போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, வலி மட்டும் போகவில்லை. இல்லாத கை மூடியபடியே இருக்கிறது. இல்லாத நகம் இல்லாத உள்ளங்கையில் குத்துகிறது. விரிக்கப் பார்த்தால் விரியாது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் ஒருவரையும் நான் மறக்கவில்லை, எந்த ஊரில் எந்த டீக்கடையில் சிரித்தார்கள் என்பது உட்பட.

இத்தனை வருஷம் மாத்திரையில் ஓட்டினேன். மாத்திரை கிட்னியைத் தின்றுவிட்டது. இனி ஓர் அட்டை வாங்கினாலும் ஆயுசு முழுக்க மெஷினில் படுத்து ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டியதுதான் என்று கிட்னி டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் மாத்திரைக்குப் பதிலாக மூஞ்சியில் ஒரு பெட்டியைக் கட்டுவார்களாம். பெட்டிக்குள் ஓர் ஊர் தெரியுமாம். இல்லாத கைக்கு இல்லாத ஊரில் வைத்தியம். ஜோடிப் பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

பெட்டியைக் கட்டினார்கள். குதிரைக்குக் கொள்ளுப் பை கட்டுவார்களே, அது கொஞ்சம் மேலே ஏறி கண்ணை மறைத்தால் எப்படியோ அப்படி. மிச்சமிருக்கிற குச்சிக் கையில் ஒரு பட்டையைச் சுற்றினார்கள். சதை துடிப்பதைப் பார்த்து, நான் விரலை என்ன செய்ய நினைக்கிறேன் என்று அது கண்டுபிடிக்குமாம்.

உள்ளே ஓர் ஊர். பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்து எவனோ வரைந்திருக்கிறான். மாடு நிற்கிறது, அடியில் சாணி இல்லை. நாய் இருக்கிறது, அந்நிய ஆளைப் பார்த்துக் குரைக்கவில்லை. தென்னை மரத்தில் காய் ஒரே அளவில் தொங்குகிறது, தட்டான் கடையில் செய்து மாட்டின மாதிரி. எனக்கு நிஜ ஊரே பிடிக்காது. அதனால்தான் பதினாறு வயதில் வண்டி ஏறினேன். இவர்கள் என்னைத் திரும்ப ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், அதுவும் நாற்றமில்லாத ஊருக்கு.

கை இருந்தது. வலது கை. குனிந்து பார்த்தால் தெரிந்தது. என் கை மாதிரி இல்லை, சினிமாக்காரன் கை. மூடித்தான் இருந்தது.

அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மேனகா, "ஏனுங்க மாமா, சட்டைக் கையவே பாத்துட்டு வரீங்க, பூச்சி கீச்சி ஏறிருச்சுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூன் 6, வெள்ளி

வலித்தது. இட்லி. மறுபடியும் வலித்தது.

ஜூன் 10, செவ்வாய்

இன்றைக்கு ஒரு ஜோடி கொடுத்தார்கள். சேலத்தில் இதே ஆஸ்பத்திரிக்கு ஒரு கிளை இருக்கிறது. அங்கே ஒருவன் பெட்டியைக் கட்டிக்கொள்வான், இங்கே நான் கட்டிக்கொள்வேன், இரண்டு பேரும் பெட்டிக்குள் ஒரே கிணற்றடியில் நிற்போம். பேச முடியாது. பேசவிட்டால் சீக்காளிகள் சீக்கைப் பற்றியே பேசுகிறார்களாம், அதனால் வாயை அடைத்துவிட்டார்கள். பெயரும் சொல்லக் கூடாது. நான் மைனா, அவன் கொக்கு. எழுபதைத் தொட்ட கிழவனுக்கு அங்கன்வாடி பேர்.

வேலை என்னவென்றால், கொக்கு கிணற்று ராட்டினத்தைப் பிடித்துக்கொள்வான். நான் கிணற்று ஓரத்தில் நின்று கயிற்றைப் பார்த்து, இறக்கு, நிறுத்து, தூக்கு என்று வலது கையால் சைகை காட்ட வேண்டும். கிணற்றுக்குள் ஒரு கல் நீட்டிக்கொண்டிருக்கும், வாளி அதில் இடிக்காமல் இறங்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு ஆஸ்பத்திரி, நான்கு நர்ஸ், கரண்ட் பில்.

இரண்டு பேருக்கும் ஒரே முகம் வரைந்திருக்கிறார்கள். என் முகத்தையே எதிரே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு இவ்வளவு மீசை கிடையாது.

கையை விரித்தால்தான் இறக்கு என்று காட்ட முடியும். விரியவில்லை. பெனிட்டா காதருகில், "மெதுவா விரிச்சுப் பாருங்க தாத்தா, அவசரமே இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அவசரமில்லை, சம்பளம் மாதத்துக்குத்தானே. மூடின கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றேன். கொக்கு வாளியை ஆட்டக்கூட இல்லை.

ஜூன் 12, வியாழன்

தண்ணீர் விடுகிற நாள். மோட்டார் போட்டு, தொட்டி ரொம்பியதும் நிறுத்திவிட்டு ஈரோடு போனோம்.

போர் வண்டியைப் பற்றித் தெரியாதவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறார்கள் என்பதால் சொல்கிறேன். எஞ்சினும் கம்ப்ரசரும் ஓடினால் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் பேச்சு எல்லாம் கைதான். ஒற்றை விரலைச் சுழற்றினால் தூக்கு. விரித்த கையைக் குப்புறப் பிடித்துத் தாழ்த்தினால் இறக்கு. மூடின கையை உயர்த்தினால் நிறுத்து. குழிக்குப் பக்கத்தில் நிற்கிறவன் கை காட்டுவான், லீவரைப் பிடித்திருக்கிற டிரில்லர் அதைப் பார்த்து ஓட்டுவான். பார்த்துவிட்டேன் என்பதற்கு டிரில்லர் தலையை ஆட்டுவான். எல்லா வண்டியிலும் அப்படித்தான்.

எங்கள் வண்டி டிரில்லர் மட்டும் தலையை ஆட்ட மாட்டான். புறங்கையால் நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டுவான். உள்ளங்கை எப்போதும் கிரீஸாக இருக்கும், அதனால் புறங்கை. இந்தியா முழுக்கச் சுற்றியிருக்கிறேன், வேறு ஒருவன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

இன்றைக்கு நான் மூடின கையைத் தூக்கியதும் கொக்கு புறங்கையால் நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டினான்.

நாச்சிமுத்து.

ஜூன் 13, வெள்ளி

நாச்சிமுத்து என் தங்கை பாவாயியின் வீட்டுக்காரன். அவனை டிரில்லர் வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். பதினெட்டு வருஷம் ஒரே வண்டி.

அனந்தபூர் பக்கம் ஒரு கடலைக்காடு. குழிக்குள் இறக்குகிற இரும்பு ராடின் மரை, கீழே இருந்த ராடில் சரியாக உட்காரவில்லை. கையை மூடித் தூக்கினேன். பாறைத் தூள் கிளம்பி வெள்ளையாக மறைத்தது. தெரியவில்லையோ என்று கையை இன்னும் கிட்டக் கொண்டுபோய், அவன் கண்ணுக்கு நேராகக் காட்டினேன். மேலே இருந்த இரும்பு இறங்கிவிட்டது. மூடின கை மூடினபடியே அதற்கடியில் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது பாவாயி இருந்தாள். "அவிய வெளிய நிக்கறாங்கண்ணா. நீங்க ஒரு வார்த்த கூப்புட்டா உள்ள வருவாங்க" என்றாள். எங்கள் பக்கம் மாப்பிள்ளை என்றால் அழைத்தால்தான் வருவார், இழவாக இருந்தாலும். அழைக்காத வாசலை மிதித்தால் மரியாதை போய்விடும். கையை எடுத்தவனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு வேறு வைக்க வேண்டுமா என்று கேட்டேன். பாவாயி எழுந்து போனாள். அவன் வெளியே எத்தனை நேரம் நின்றான் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் சங்ககிரியில், நாங்கள் இங்கே. நடுவில் ஒரு பஸ் தூரம்.

இதெல்லாம் வலிக் குறிப்பில் வர வேண்டுமா என்று தெரியவில்லை. வந்துவிட்டது. அழிக்கத் தெரியாது.

ஜூன் 17, செவ்வாய்

பெனிட்டாவிடம் கொக்கு யார் என்று கேட்டேன். சொல்லக் கூடாது என்றாள். பெரிய ராணுவ ரகசியம். தட்டுகிறவனும் நாச்சிமுத்து, நிற்கிற நிலையும் நாச்சிமுத்து, ராட்டினத்தைப் பிடிக்கும்போது முழங்கையை ஒட்டி வைத்துக்கொள்வதும் நாச்சிமுத்து. மூஞ்சியை மாற்றிவிட்டால் ஆளை மறைத்துவிட்டதாக நினைப்பு.

இன்றைக்குப் பெட்டி கட்டியதும் கையைத் தூக்கினேன். மூடின கைதான், வேறு என்ன. நிறுத்து. அவன் நெற்றியைத் தட்டிவிட்டு நின்றான். நான் கையை இறக்கவே இல்லை. அவனும் ராட்டினத்தை விடவில்லை. முடிகிறவரை நின்றான்.

நிற்கட்டும். பார்த்துக்கொண்டே நிற்கட்டும். அன்றைக்குப் பார்க்காததை இன்றைக்குப் பார்க்கட்டும்.

ஜூன் 18, புதன்

மேனகா வந்து கதவைத் தட்டினாள். பால்காரன் வந்து போய், டீயும் ஆறிவிட்டதாம். மூச்சு இருக்கிறதா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்ததாகச் சொன்னாள். புதுத் தலையணை. அது கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது, அதனால் தூக்கம் வருகிறது. வேறொன்றுமில்லை.

ஜூன் 19, வியாழன்

மறுபடி நிற்க வைத்தேன்.

பெட்டியைக் கழற்றியதும் பெனிட்டா, இது சரிப்படவில்லை, ஒரு வாளி கூட இறங்கவில்லை, வேறு ஜோடி தருகிறோம் என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். புது ஆளைப் பழக்க எனக்கு வயசில்லை என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டாள். என்ன எழுதியிருப்பாள், கிழவனுக்குத் திமிர் என்று எழுதியிருப்பாள்.

என் மகன் ராய்ப்பூரிலிருந்து போன் பேசினான். அவனும் போர் வண்டிதான். பெட்டி வைத்தியம் கேக்குதுங்களாப்பா என்றான். உன் சின்ன வயதில் பொருட்காட்சியில் ஒரு ரூபாய்க்கு இதே மாதிரி பெட்டியில் கண்ணை வைத்துத் தாஜ்மகால் பார்த்தாயே, அதற்கு எந்த வியாதி தீர்ந்தது என்று கேட்டேன். சிரித்துவிட்டு வைத்தான்.

ஜூன் 24, செவ்வாய்

நாச்சிமுத்து வரவில்லை.

எதிரே அதே மீசை முகம்தான் நின்றது, ஆனால் உள்ளே இருந்தது வேறு ஆள், கையை ஆட்டுகிற விதத்தைப் பார்த்தால் எவளோ டீச்சர். கையைத் தூக்கினால் பதிலுக்கு இரண்டு கையையும் ஆட்டுகிறாள், டிராபிக் போலீஸ் மாதிரி. வாளியைத் தானே இறக்குகிறாள், கல்லில் மோதுகிறாள், கும்பிடு போடுகிறாள். பெட்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தேன்.

வலி சாயங்காலமே பிடித்துவிட்டது. உள்ளங்கையில் நகம் இறங்குகிறது. இல்லாத நகம்.

ஜூன் 25, புதன்

சோறு இறங்கவில்லை. மேனகா தைக்கிற மிஷின் சத்தம்கூடக் கைக்குள் போய்க் குத்தியது. அவள் துணி கொடுக்கப் போன நேரத்தில் மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரனுக்கு என்னை இருபது வருஷமாகத் தெரியும். சீட்டு எங்கே என்று கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவன்.

ஜூன் 26, வியாழன்

இன்றைக்கும் டீச்சர்தான். பெட்டியைக் கட்ட மாட்டேன் என்று திரும்பி வந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

மேனகா தலையணை உறையைத் துவைக்க எடுத்திருக்கிறாள். மாத்திரை அட்டை அதற்குள் இருந்தது. பாதிக்கு மேல் காலி. ஒரு வார்த்தை திட்டவில்லை. புறக்கடையில் நின்று போனில் யாரிடமோ அழுதாள். "நாங் கெடந்துட்டுப் போறேன், அந்த மனுசனுக்கு எதாவுதொண்ணு ஆயிருச்சுன்னா" என்பது மட்டும் கேட்டது. யாரிடம் என்று நான் கேட்கவில்லை. அவள் அம்மாவாக இருக்கும்.

ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் கிட்னி டாக்டர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். அந்த மனிதருக்கு என் பேரன் வயசு இருக்கும். இன்னும் ஒரு தடவை இப்படிச் செய்தால் மெஷின்தான், அதில் பேச்சே கிடையாது என்றார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் மெஷினிலிருந்துதான் வந்திருந்தார். கை நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. இருக்கிற ஒரு கையையும் அதற்குக் கொடுத்துவிட்டு நான் எதைக் கொண்டு பீடி பற்ற வைப்பேன்?

ஜூலை 1, செவ்வாய்

நாச்சிமுத்து வந்துவிட்டான்.

ஆனால் உயரம் குறைந்துவிட்டது. பெட்டிக்குள் எல்லோரும் ஒரே உயரத்தில்தான் நிற்பார்கள். இன்றைக்கு அவன் தலை கிணற்றுச் சுவருக்கு மேல் ஒரு சாண்தான் தெரிந்தது. பெட்டி கோளாறு என்று நினைத்தேன். அப்புறம் அந்தத் தலை மெதுவாக, பிடித்துப் பிடித்து, மேலே வந்தது. பாதியில் நின்றது. ஆடியது. இன்னும் கொஞ்சம் வந்தது.

பெட்டியைக் கழற்றிவிட்டுப் பெனிட்டாவைக் கேட்டேன். தலை எங்கே இருக்கிறதோ அதைத்தான் பெட்டி காட்டும் என்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததால் மிச்சத்தையும் சொல்லிவிட்டாள். பெயர் மட்டும் சொல்லவில்லை.

"அவங்களுக்கு முதுகெலும்புல பிரச்சனை தாத்தா. நிக்கவே கூடாது. உக்காந்தே செய்யலாம்னு முதல் நாளே நாற்காலி போட்டுக் குடுத்தாங்க. கேக்கவே இல்ல. எதிர்ல ஆள் நிக்கறப்போ நான் உக்கார மாட்டேன்னுட்டாங்க. அன்னைக்கு உங்க கூட முடிச்சிட்டு அங்கயே விழுந்துட்டாங்க."

அவளுக்கு என்ன தெரியும். குழிக்குப் பக்கத்தில் ஆள் நின்றால் டிரில்லர் உட்காரக் கூடாது. வண்டியில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அதுதான். அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

பெட்டியை மறுபடி கட்டச் சொன்னேன். நேரம் முடிந்துவிட்டது தாத்தா என்றாள். கட்டு என்றேன்.

அவன் போகவில்லை. ராட்டினத்தைப் பிடித்தபடி இருந்தான், நான் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே. முழுசாக நிமிரவில்லை, அரிவாள் மாதிரி வளைந்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முட்டாள். நான் கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று இப்போது தெரிகிறது, இறக்கச் சொல்லி வாளி தண்ணீரைத் தொடாமல் உட்கார மாட்டான். இவனை உட்கார வைக்க வேண்டுமென்றால் நான் இறக்கு என்று காட்ட வேண்டும். காட்டவேண்டுமென்றால் கை விரிய வேண்டும்.

சுண்டு விரல்தான் முதலில். பழைய துருப்பிடித்த கீலைத் திருப்புகிற மாதிரி. இவ்வளவு வருஷத்தில் அப்படி ஒரு வலி வந்ததில்லை, கத்தியிருக்கிறேன், பெனிட்டா பயந்துபோய்ப் பெட்டியைப் பிடித்திருக்கிறாள். அவள் கையைத் தட்டிவிட்டேன். அடுத்த விரல். அதற்கடுத்தது. கட்டை விரல் கடைசியில் தானாக வந்தது. விரிந்த கையைக் குப்புறப் பிடித்துத் தாழ்த்தினேன்.

அவன் இறக்கவில்லை.

இன்னொரு தடவை காட்டினேன். நன்றாக, கிட்டக் கொண்டுபோய், அவன் கண்ணுக்கு நேராக.

புறங்கையால் நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டினான். வாளி இறங்கியது. கர்ப்பிணியை மாட்டு வண்டியில் ஏற்றிப் போகிற மாதிரி அவ்வளவு மெதுவாக. என் கைக்குப் பக்கத்தில், உரசாமல் போயிற்று. நான் கையை எடுக்கவில்லை. அடியில் போய்த் தண்ணீரைத் தொட்டதும் அவன் தலை சுவருக்குக் கீழே போய்விட்டது. உட்கார்ந்துவிட்டான்.

தண்ணீரில் வட்டம்கூடச் சரியாக வரையவில்லை. சதுரமாக அலை போகிறது.

ஜூலை 2, புதன்

பெனிட்டா போன் செய்து வலி எத்தனை மார்க் என்று கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றேன். கை விரிந்தபடியே இருக்கிறதா என்றாள். அதை ஏன் என்னைக் கேட்கிறாய், உன் பெட்டியைக் கேள் என்றேன். இவர்களுக்கு நன்றி வேறு சொல்ல வேண்டுமாம், எதிர்பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருந்தாள்.

மேனகாவிடம் அரைக் கவுளி வெற்றிலை, பாக்கு, பழம் வாங்கிவரச் சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை. இந்தக் காலத்துப் பெண்கள் ஒன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

சங்ககிரி போனோம், நானும் மேனகாவும். ஆடிப் பண்டிகைக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் ஆடி நோம்பிக்கு, மாப்பிள்ளையை அழைக்க. மாப்பிள்ளைக்குப் பல்லில் பாதி இல்லை, தலையில் மயிர் இல்லை, ஆடி நோம்பிக்கு அழைப்பு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் வெற்றிலை பாக்குத் தட்டத்தைப் பார்த்துவிட்டு, பேத்திக்குங்களா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

வீடு சின்னது. கட்டியவனுக்கு மட்டம் பார்க்கத் தெரியவில்லை, வாசற்படி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நாச்சிமுத்து கட்டிலில் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு.

"உக்காருங்க" என்றேன்.

உட்காரவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தான். மேலே மின்விசிறி கிறீச்சிட்டது. அதற்கும் எண்ணெய் போட வேண்டும்.

"ஏனுங்க மாப்ள, ரெண்டு தடவ கை காமிக்கோணுங்களா உங்களுக்கு? ஒருக்கா காமிச்சா இறக்கோணும்னு தெரியாதுங்களா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னிக்கு ஒருக்காக் காமிச்சீங்க மச்சான். நாம் பாக்குலீங்க. தூசி."

"இதச் சொல்றதுக்கு இத்தன வருசமுங்களா?"

"நீங்க கூப்புடுலீங்களே."

பாவாயி சமையலறை வாசலில் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இலை போட்டுட்டேன், ஆறிப்போகுது, பேசறத அப்பறம் பேசலாம் என்றாள். சின்ன வயதிலும் அப்படித்தான், சோறு ஆறக் கூடாது அவளுக்கு. தட்டத்தை நாச்சிமுத்து கையில் கொடுத்தேன். நோம்பிக்கு வரோணும் என்றேன். வரேனுங்க என்றான். அவ்வளவுதான் அழைப்பு.

குழம்பில் உப்பே இல்லை. இத்தனை காலம் கழித்து வந்தவனுக்குப் போடுகிற சோறா இது என்று கேட்டேன். "உங்க கிட்னிக்கு உப்பு ஆகாதுன்னு மேனகா சொல்லிச்சுங்ணா" என்றாள் பாவாயி. இவளுக்கும் மேனகாவுக்கும் எப்போது பேச்சு, சேலத்து ஆஸ்பத்திரியை இவர்களுக்கு யார் சொன்னது என்று கேட்க வாயெடுத்தேன். மேனகா மோர் எடுத்துவருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். போனவள் மாட்டைக் கறந்து மோர் கடைந்து கொண்டுவருகிற நேரம் எடுத்துக்கொண்டாள்.

வலது கை போனதிலிருந்து நான் வெளியில் எங்கும் இலையில் உட்கார்ந்ததில்லை. கல்யாணத்துக்குப் போனால் மொய் வைத்துவிட்டு வந்துவிடுவேன். இடது கையால் ஒருவன் சோறு தின்பதைப் பக்கத்து இலைக்காரன் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும். இன்றைக்குத் தப்பிக்க வழியில்லை. பக்கத்து இலையில் நாச்சிமுத்துவைத் தாங்கிக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். இடது கையைச் சோற்றில் வைத்தேன்.

நாச்சிமுத்துவும் இடது கையால் சாப்பிட்டான். பழக்கம் இருந்தால்தானே. பருப்பு விரலிடுக்கில் வழிந்தது, பாதிச் சோறு இலையில், மீதி மடியில், ஒரு பருக்கை மீசையில். பாவாயி பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி போட்டாள். அதையும் கொட்டினான்.

ஒரு வேலையை ஒழுங்காகச் செய்ய அந்த ஆளுக்கு எந்தக் காலத்திலும் தெரியாது.